ஏழாம் நம்பர் டெர்மினல்

"உள்ள வந்துட்டியா?" என்று போனில் கேட்டார் ரூட் சார்.

"வந்துட்டேன்னுதான் நினைக்கிறேன்," என்றாள் மனைவி. "திரை கறுப்பா இருக்கு."

"கறுப்பாத்தான் இருக்கும். நடுவுல ஒரு கோடு தெரியுதா?"

"தெரியுது."

"மேல் பாதி உனக்கு. நீ அடிக்கிறது எனக்குத் தெரியும். ஏதாவது அடி."

"என்னத்தை அடிக்க?"

"மனசுல தோணுறதை அடி. அந்தக் காலத்துல நான் சொல்லியா அடிச்சே? போனை வை. இனிமே எழுத்துலதான் பேச்சு."

போனை வைத்துவிட்டு, சட்டைப் பித்தானைச் சரிசெய்துகொண்டு, திரைக்கு முன்னால் பெண் பார்க்க வந்தவர் மாதிரி உட்கார்ந்தார். ஒன்றும் வரவில்லை. எழுந்து போய் டீ போட்டார். சர்க்கரை டப்பாவைத் தேடிக் கண்டுபிடித்தார். குடித்து முடித்துத் திரும்பி வந்தபோது திரையில் ஒரே ஓர் எழுத்து இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதே எழுத்து மடமடவென்று பெருகி வரிசை முழுவதும் நிரம்பியது. பிறகு போன் மணி அடித்தது.

"அடிச்சேங்க. மிஷின் என்னமோ பண்ணுது," என்றாள் மனைவி.

"நீ கவலைப்படாதே. கோளாறு இந்தப் பக்கம்தான். நான் பார்த்துக்கறேன்."

ரூட் சாருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. பல்கலைக்கழகத்தின் கணினி அறையில் ஆயுசில் பாதியைக் கழித்ததில் அது சம்பளச் சீட்டோடு நின்றுபோயிற்று. யூனிக்ஸ் என்ற இயங்குதளம் ஓடும் இயந்திரத்தில் எதையும் திறக்கவும் எதையும் அழிக்கவும் அதிகாரம் படைத்த ஒரே ஆளுக்கு 'ரூட்' என்று பெயர். அந்தக் கடவுச்சொல் அவரிடம் இருந்தது. பெயரும் அவரோடு ஒட்டிக்கொண்டது. வீட்டில் அந்த மாதிரி அதிகாரம் எதுவும் அவருக்கு வாய்த்ததில்லை. வாய்க்கவில்லை என்ற குறையும் இருந்ததில்லை, மனைவி ஊருக்குப் போகும்வரை.

அவளுடைய அக்காவுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை. "ரெண்டே வாரம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். இப்போது இரண்டு மாதமாகிறது. அக்கா தடியை ஊன்றி நடக்கிறாளாம். ஆனாலும் "இன்னும் கொஞ்ச நாள் கூட இரு" என்கிறாளாம். ரூட் சாருக்கு வீடு பிடிக்கவில்லை. சாப்பாடு பிடிக்கவில்லை. சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்தால் எதிர் நாற்காலி கண்ணை உறுத்துகிறது. 'வந்துவிடு' என்று ஒரு வார்த்தை போனில் சொல்லலாம். அந்த ஒரு வார்த்தைதான் தொண்டையைத் தாண்டி வருவேனா என்றது. அவர் நேரில் பேசிக் காதலித்தவர் அல்ல.

அது வேறு காலம். கணினி அறை என்றால் குளிர்பெட்டி மாதிரி இருக்கும். வெயில் கொளுத்தும் நாளிலும் ரூட் சார் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்பார். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். இயந்திரம் நாள் முழுக்க ஒரே சுருதியில் முனகும். பிரிண்டர் நாடாவின் மை வாசம் ஸ்வெட்டரில் ஏறி வீடுவரை வரும். சுவருக்கு அந்தப்பக்கம் தேர்வு மதிப்பெண்களை ஏற்றும் அறை. பச்சை எழுத்துத் திரைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு டெர்மினலுக்கும் இரண்டு நாற்காலி: ஒருவர் மதிப்பெண் தாளை வாசிக்க, மற்றவர் தட்டுவார். ஏழாம் நம்பர் டெர்மினலில் ஓர் அக்காவும் தங்கையும் இருந்தார்கள். அந்தத் தங்கைமேல்தான் ரூட் சாருக்குக் கண்.

போய்ப் பேசலாமென்றால் அக்கா. அவர் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அந்த அறைக்குள் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அக்காதான் விசைப்பலகையை அடைத்துக்கொண்டு நந்தி மாதிரி உட்கார்ந்திருப்பாள். தங்கை பாவம், கையில் தாளை வைத்துக்கொண்டு ஓரமாக இருப்பாள். "என்ன சார், எங்க மிஷின்ல மட்டும் தினமும் கோளாறா?" என்று அக்கா கேட்பாள். அவர் மின்கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

கடைசியில் இயந்திரமே வழி காட்டியது. யூனிக்ஸில் ஒரு வசதி உண்டு. திரையை இரண்டாகப் பிரித்து, இருவர் இருந்த இடத்திலிருந்தே தட்டிப் பேசலாம். ஒருவர் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டத் தட்ட, மற்றவர் திரையில் அது அப்படியே ஓடும். அழித்தால் அழிவதும் தெரியும், தயங்கினால் தயங்குவதும் தெரியும். ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பேச்சு. ஒரு மத்தியானம் ஏழாம் நம்பரைக் கூப்பிட்டு 'சாப்பிட்டாச்சா' என்று தட்டினார். கொஞ்சம் பொறுத்துப் பதில் வந்தது. அப்பப்பா, அது என்ன வேகம், என்ன சுத்தம். நாலு நாலு எழுத்தாகத் தாளம் போட்டுக்கொண்டு வரும். ஒரு பிழை கிடையாது. ஒருமுறைகூட அழித்து எழுதியது கிடையாது. முற்றுப்புள்ளி வைக்கவேண்டிய இடத்தில் இரண்டு புள்ளி வைக்கும். நடையை வைத்து ஆளைச் சொல்வது போல, அந்த விரல்களை ஆயிரம் பேருக்கு நடுவிலும் சொல்லிவிடுவார்.

கல்யாணத்தையும் அதில்தான் கேட்டார். கேட்டபிறகு திரை நெடுநேரம் சும்மா இருந்தது. அப்புறம் வந்தது: 'வீட்டுக்கு வந்து பேசுங்க..' அந்த இரண்டு புள்ளியை இப்போதும் அவர் மறக்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் விசைப்பலகையைத் தொட்டதில்லை. "ஆபீஸ்ல பட்ட பாடு போதாதா, வீட்லயுமா?" என்பாள். ஊருக்கெல்லாம் போனில் குரலைத்தான் பதிந்து அனுப்புவாள். ரூட் சார் மட்டும் விசேஷ வீடுகளில் நாலு பேர் கூடினால் ஆரம்பித்துவிடுவார்: "இவ விரல் இருக்கே, ஒரு பிழை கண்டுபிடிக்க முடியாது." உடனே மனைவி அவசர வேலை இருப்பதுபோல் உள்ளே போய்விடுவாள். வெட்கம் என்று நினைத்துக்கொள்வார். அக்காவுக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வரும்.

அந்தத் திரையை மறுபடியும் கொண்டுவந்துவிட்டால், தொண்டையில் சிக்கிய வார்த்தை விரல் வழியாகவாவது வெளியே வந்துவிடும் என்பதுதான் அவர் போட்ட திட்டம். அக்கா வீட்டுக்கு ஒரு பழைய லேப்டாப்பை அனுப்பினார். அது வெறும் ஜன்னல்தான். மூடியைத் திறந்தால் இந்த வீட்டு இயந்திரம் அங்கே தெரியும். ஆகவே எல்லா வைத்தியமும் இங்கேதான்.

"எந்த சிஸ்டத்தைப் போட்டிருக்கீங்க?" என்று விசாரித்தார் டேப்பு. அந்தக் காலத்தில் அதே அறையில் காந்த நாடாக்களுக்குப் பொறுப்பாக இருந்த நண்பர் அவர். நாடாக்கள் போய் யுகமாகிவிட்டது. டேப்பு என்ற பெயர் போகவில்லை.

"நடுவுலவனை."

பழைய யூனிக்ஸ் வம்சத்தில் பிஎஸ்டி என்று ஒரு கிளை. அதில் ஃப்ரீ, நெட், ஓபன் என்று மூன்று பிள்ளைகள். மூன்று பேருக்கும் ஒரே ஜாடை. வெளியாளுக்கு வித்தியாசம் தெரியாது. பழகினவர்களுக்குத்தான் குணம் தெரியும். மூத்தவன் ஃப்ரீ, பாரம் சுமக்கிறவன், எத்தனை பேர் வந்தாலும் பந்தி பரிமாறுவான். நடுவுலவன் நெட், எந்த ஓட்டை இயந்திரத்திலும் குடித்தனம் நடத்திவிடுவான். கடைக்குட்டி ஓபன், பேர்தான் அப்படி. எல்லாக் கதவையும் சாத்திவிட்டு யாரது என்று கேட்கிற ரகம். ரூட் சாரிடம் இருந்ததோ பரணிலிருந்து இறக்கிய கிழட்டு இயந்திரம். அதனால் நடுவுலவனைப் போட்டார்.

"அங்கதான் தப்பு," என்றார் டேப்பு. "ஒரே எழுத்து வரிசையா வந்துதுன்னா பாரம் தாங்கலைன்னு அர்த்தம். மூத்தவனைப் போடுங்க."

"ரெண்டு பேர் பேசறதுக்கு என்னய்யா பாரம்?"

"உங்க பேச்சு கனமா இருக்கும் சார்."

மூத்தவனுக்குக் கிழட்டு இயந்திரம் போதாது என்று பழைய சாமான் கடையிலிருந்து ஒரு பெரிய இயந்திரம் வந்தது. அதன் விசிறி போட்ட சத்தத்தில் சுவர்க்கடிகாரம் அடிப்பது கேட்கவில்லை. ரூட் சாருக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. கண்ணை மூடினால் ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளத் தோன்றியது. போட்டும் கொண்டார். மனைவிக்குப் போன் செய்தார்.

"இப்ப அடிச்சுப் பாரு. பறக்கும்."

"இப்ப கை ஈரமா இருக்குங்க."

"துடைச்சிட்டு வா."

துடைக்க ஒரு மணி நேரம் பிடித்தது. அப்புறம் ஓர் எழுத்து வந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். வெகுநேரம் கழித்து அதுவும் அழிந்தது.

"எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்குங்க. கண்ணு தெரியலை," என்றாள் போனில்.

ரூட் சார் தலையில் அடித்துக்கொண்டார், தன் தலையில்தான். வயசான கண் என்பது அவருக்குத் தோன்றவே இல்லையே. மூத்தவன் சர்வர் வேலைக்குப் பிறந்தவன், அலங்காரம் தெரியாதவன். அவனைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு, படம், வண்ணம், மவுஸ் அம்பு, கொட்டை எழுத்து என்று ஒரு முழு டெஸ்க்டாப்பை மாட்டிவிட்டார். அதற்கு இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் மனைவியின் போனை எடுத்து "அப்புறம் பேசறேன், வேலையா இருக்கேன்" என்று வைத்துவிட்டார். பிறகுதான் அது உறைத்தது. முன்பெல்லாம் காலை, மதியம், சாயங்காலம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப எப்படி இருக்கு?"

"அழகா இருக்குங்க. பூப்படம் எல்லாம் இருக்கு."

"பூவை விடு. அடி."

"அது வந்து..." என்று இழுத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நாம பேசறதை நடுவுல யாராவது படிச்சிட்டா? காலம் கெட்டுக் கிடக்கு. செய்தியில சொல்றாங்களே."

ரூட் சாருக்குச் சுளீரென்றது. பின்னே, நியாயமான கேள்விதானே. புருஷன் பெண்டாட்டி பேசுவதை ஊர் படிக்கவா? இவ்வளவு காலம் கணினி அறையைக் காத்தவனுக்கு இது தோன்றாமல் போயிற்றே. பரணுக்குத் திரும்பிப் போயிருந்த கிழட்டு இயந்திரத்தை அன்றைக்கே மறுபடி இறக்கி, அதில் கடைக்குட்டியை ஏற்றி, வீட்டு இணையம் நுழைகிற வாசலிலேயே காவலுக்கு நிறுத்தினார். சொல்லாத எதையும் விடாதே என்று விதி எழுதினார். அந்தக் காவல்காரனுக்கே ஒரு கடவுச்சொல் வைத்தார். யாராலும் ஊகிக்க முடியாத, நீளமான, கோணல்மாணலான கடவுச்சொல்.

அது யாராலும் ஊகிக்க முடியாதது என்பது மறுநாள் காலையில் நிரூபணமாயிற்று. அவராலும் முடியவில்லை.

முதலில் மாடியில் குடியிருக்கும் டீச்சர் இறங்கி வந்தார். "சார், நெட் வரலை. எனக்கு கிளாஸ் இருக்கு."

"பாதுகாப்புக்காக நிறுத்தியிருக்கேம்மா."

"யார்கிட்டேருந்து சார்?"

டீச்சர் அடுத்த தெருவில் இருக்கும் தோழி வீட்டுக்குக் கிளம்பினார். பிறகு டி.வி. நின்றது. பிறகு, எல்லாவற்றையும்விடப் பெரிய இடி: மனைவியின் குரல் வரவில்லை. வீட்டுக்குள் செல்போன் சிக்னல் எட்டாது. அழைப்பு, குரல் பதிவு எல்லாமே வீட்டு இணையத்தில்தான் வந்துகொண்டிருந்தன. காலையில் எழுந்ததும் வரும் "மாத்திரை போட்டீங்களா?" அன்று வரவில்லை. அவரும் மாத்திரை போடவில்லை. பேசவேண்டும் என்று ஆரம்பித்த காரியம், இருந்த பேச்சையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிவிட்டது என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

மூச்சு வாங்க மொட்டை மாடிக்கு ஏறி, சிக்னல் பிடித்துப் போன் போட்டார்.

"என்னங்க ஆச்சு? நேத்து ராத்திரியிலேருந்து ஒண்ணையும் காணோம். பயந்தே போயிட்டேன்."

"ஒண்ணுமில்லை. எல்லாம் பத்திரமா இருக்கு."

பின்னால் அக்காவின் குரல் கேட்டது: "தம்பி என்னவாம்?"

"மிஷின் பத்திரமா இருக்காம்," என்றாள் மனைவி. அப்புறம் போனுக்குள் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா இன்னும் ஒரு மாசம் இருக்கச் சொல்றாங்க. என்ன சொல்லட்டும்?"

வேண்டாம், வந்துவிடு என்று மனசு கத்தியது. வாய் வேறு எதையோ சொல்லிற்று. "இருந்துட்டு வா. எனக்கென்ன, இங்க ஏகப்பட்ட வேலை."

"சரிங்க," என்றாள். அந்த 'சரிங்க' அவருக்குச் சரியாகப் படவில்லை. மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். கண் கலங்கியது. காற்று என்று சொல்லிக்கொள்ளப் பக்கத்தில் யாரும் இல்லை.

சாயங்காலம் டேப்பு வந்து, திருகாணிகளைக் கழற்றி, கடைக்குட்டியை அடியோடு அழித்து, வாசலைத் திறந்துவிட்டார். பெரிய இயந்திரத்தையும் அணைத்தார். விசிறி நின்றதும் சுவர்க்கடிகாரம் கேட்டது.

"எதைப் போடட்டும் சார்?"

"பழையபடி நடுவுலவனையே போடு. கறுப்புத் திரை போதும்."

"அப்ப இந்தப் பத்து நாளா செஞ்சது?"

"அதைப் பத்திப் பேசாதே."

டேப்பு துணியால் கையைத் துடைத்துக்கொண்டார். "நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? போன்ல வந்துடுன்னு சொன்னா முடிஞ்சுது. அதுக்கு ஒரு சாஃப்ட்வேரும் வேண்டாம்."

"இத்தனை வருஷத்துல அவகிட்ட அப்படிக் கெஞ்சினதில்லையே."

"ஒரு தடவை கெஞ்சியிருக்கீங்க. அன்னைக்கு இயந்திரத்துக்கு முன்னால உக்காந்து நடுங்கிட்டிருந்தீங்க. நான் நாடா மாத்திக்கிட்டே பார்த்தேன்."

டேப்பு போனபிறகு ரூட் சார் நாற்காலியைத் துடைத்தார், எதிர் நாற்காலியையும் சேர்த்து.

மறுநாள் காலை அவர் நடைக்குக் கிளம்பி, செருப்பில் ஒரு காலை நுழைத்திருந்தபோது, கறுப்புத் திரை மினுங்கியது. நடுவில் கோடு விழுந்தது. கீழ்ப் பாதியில் எழுத்துகள் ஓடத் தொடங்கின.

'எங்கயும் போயிடாதீங்க.. கொஞ்சம் பேசணும்..'

ரூட் சார் ஒற்றைச் செருப்போடு வந்து உட்கார்ந்தார். நாலு நாலு எழுத்தாக, அதே தாளத்தில், ஒரு பிழை இல்லாமல், ஒருமுறைகூட அழிக்காமல். இரண்டு புள்ளி. விரல்களுக்கு வயசாகவே இல்லை. மை வாசம்கூட வந்தது போலிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

'நீதானா' என்று தட்டினார்.

'ஏழாம் நம்பர்தான்.. மறந்துபோச்சா..'

'மறக்குமா. இத்தனை நாள் ஏன் அடிக்கல.'

'இன்னைக்குத்தான் நேரம் கிடைச்சுது.. சாப்பிட்டாச்சா..'

'இன்னும் இல்ல.'

'மாத்திரை..'

'இனிமேதான்.'

அப்படியே பேச்சு நீண்டது. வீட்டைப் பற்றிக் கேட்டது, டேப்புவைப் பற்றிக் கேட்டது. அந்தப் பழைய அறையில் மின்சாரம் போனால் இயந்திரத்தின் முனகல் நின்று எல்லாரும் ஒரே நேரத்தில் கிசுகிசுக்க ஆரம்பிப்பார்களே, அதை நினைவிருக்கிறதா என்று கேட்டது. அவர் ஸ்வெட்டரில் முழங்கைப் பக்கம் இருந்த ஓட்டையை ஞாபகப்படுத்தியது. இவள் அதையெல்லாம் கவனித்திருக்கிறாளா என்று ரூட் சார் உருகிப்போனார். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை. தட்டினார். இரண்டு முறை அழித்தார். மறுபடி தட்டினார்.

'நீ இல்லாம வீடு வீடாவே இல்ல. எனக்கு ஒண்ணுமே பிடிக்கல. வேலை எதுவும் இல்ல, நேத்து சொன்னது பொய். வந்துடு.'

திரை சும்மா இருந்தது. அன்றைக்கு மாதிரியே நெடுநேரம்.

வாசலில் மணி அடித்தது. சட்டை செய்யவில்லை. மறுபடி அடித்தது.

'யாரோ வந்திருக்காங்க. ஒரு நிமிஷம் இரு. போயிடாதே' என்று அவசரமாகத் தட்டிவிட்டு, ஒற்றைச் செருப்பு இழுபட, ஓடிப்போய்க் கதவைத் திறந்தார்.

கையில் பையோடு மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"எவ்வளவு நேரம்தான் அடிக்கிறது? விடியறதுக்கு முன்னாடியே எழுப்பி முதல் பஸ்ல ஏத்தி விட்டுட்டாங்க அக்கா. 'அவருக்கு மிஷின் வேண்டாம்டி, நீதான் வேணும்'னுட்டாங்க," என்றாள். அவர் முகத்தைப் பார்த்தாள். "என்னங்க, ஏன் இப்படிப் பார்க்கறீங்க? அழுதீங்களா?"

ரூட் சார் அவளைப் பார்த்தார். அவளுடைய இரண்டு கைகளையும் பார்த்தார். இரண்டும் பையைப் பிடித்திருந்தன. திரும்பிக் கூடத்தைப் பார்த்தார். திரையில் எழுத்துகள் நாலு நாலாக ஓடிக்கொண்டிருந்தன. அவர் பின்னாலேயே எட்டிப் பார்த்த மனைவி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

'வந்து சேர்ந்துட்டாளா தம்பி.. அவளைத் திட்டாதீங்க, அவளுக்கு வாசிக்கத்தான் தெரியும், ஏழாம் நம்பர்ல அடிச்சது அன்னைக்கும் நான்தான்..'